பவளத் திட்டில் ஒரு பகல்

மூச்சை அடக்கிக் கடலில் மூழ்குவது தமிழ் மக்களுக்குப் புதியதன்று. தூத்துக்குடிக் கடலில் பல நூற்றாண்டுகளாக முத்துக் குளித்து வந்தார்கள். கயிற்றில் கட்டிய கல்லின்மீது காலை ஊன்றி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, விரைந்து அடிமணலுக்கு இறங்குவார்கள். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைத்தால், படகில் இருப்பவர் மேலே இழுத்துவிடுவார். மூச்சு எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரமே கடல் அவர்களுக்கு இடம் கொடுத்தது. அந்த முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் ‘மூச்சடக்கி முத்தெடுத்தல்’ என்ற சொல்வழக்கு நம் பேச்சில் நிலைத்துவிட்டது.

இன்றோ, முத்துக்குளியல் அறியாத ஒரு பயணிகூட, தக்க துணையோடு, முக்கால் மணி நேரம் கடலடியில் தங்கி மீன்களிடையே உலாவி வரலாம். முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு மூழ்கும் இந்த முறைக்கு ஸ்கூபா என்று பெயர். நேயர்களே, இதில் ஒரு விந்தை உண்டு. முத்துக் குளிப்பவருக்கு முதல் விதி மூச்சை அடக்குவது. ஸ்கூபாவில் மூழ்குபவருக்கோ, எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கலாகாது என்பதே முதல் விதி. ஒரே கடலில் இறங்கும் இருவருக்கு விதி ஏன் நேர்மாறாக அமைந்தது? அங்கே இறங்கினால் காண்பது யாது? காணும் அந்த உலகம் நிலைத்திருக்க எது வேண்டும்? இவற்றை இங்கே சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

இதற்கு உகந்த இடம் அந்தமான் தீவுகள். வங்கக் கடலில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் இத்தீவுகள் உள்ளன. சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தா ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் செல்கின்றன. விமானத்தில் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். போர்ட் பிளேர் என்று வழங்கிவந்த தலைநகருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அந்நகரின் கடைத்தெருவில் தமிழ் ஒலிப்பதைக் கேட்பது அரிதன்று. நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருக்கின்றனர். அங்கிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கிறது சுவராஜ் தீவு. ஹேவ்லாக் என்ற பழைய பெயர் 2018-ஆம் ஆண்டில் இவ்வாறு மாற்றப்பட்டது. ஸ்கூபா பயில வருவோர் பெரும்பாலும் இத்தீவுக்கே வருகின்றனர். டிசம்பர் முதல் மே வரை கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருப்பது வழக்கம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். முதுகில் சுமக்கும் உருளையைப் பிராணவாயு உருளை என்று பலர் சொல்வதுண்டு. அது சரியன்று. அதில் அடைத்திருப்பது நாம் நிலத்தில் சுவாசிக்கும் அதே காற்றுத்தான். தூய பிராணவாயுவைச் சுவாசித்துக்கொண்டு ஆறு ஏழு மீட்டருக்குக் கீழே சென்றால், அழுத்தத்தின் காரணமாக அதுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். ஆதலால் சாதாரணக் காற்றையே வடிகட்டி, உலர்த்தி, வளிமண்டல அழுத்தத்தைப் போல் இருநூறு மடங்கு அழுத்தி அடைக்கிறார்கள். பதினொரு லிட்டர் கொள்ளும் உருளையில் இவ்வாறு ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று அடங்குகிறது.

இவ்வளவு அழுத்தமான காற்றை நேரே வாயில் விட முடியுமா? முடியாது. இழுக்கும்போது மட்டும், வேண்டிய அளவு மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தரும் ஒரு சீர்கருவி வேண்டும். அதனை 1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து உருவாக்கினார்கள். உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காத காலம் அது. மோட்டார் வண்டியை எரிவாயுவால் ஓட்டுவதற்காகக் கான்யான் ஓர் அடைப்பிதழ்க் கருவி செய்திருந்தார். வண்டிக்கு எரிவாயுவை அளந்து கொடுத்த அதே முறையே மனிதனுக்குக் காற்றை அளந்து கொடுக்கவும் பயன்பட்டது. இன்றைய கருவிகள் யாவும் அந்த வழியில் வந்தவையே.

காலையில் பயணி செய்ய வேண்டிய முதற்காரியம், உடல்நிலையைப் பற்றிய வினாத்தாளை உள்ளபடி நிரப்புவது. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காதில் நோய் ஆகியவை உடையவர்கள் இதில் இறங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்கவேண்டும். கருவுற்றவர்கள் இறங்கவே கூடாது. சளி பிடித்திருந்தாலும் அன்று விட்டுவிடுவது நலம். வெகுதூரம் வந்துவிட்டோம், பணமும் கட்டிவிட்டோம் என்பதற்காக உண்மையை மறைத்து எழுதுவோர் உண்டு. கடல் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை, உடலைத்தான் பார்க்கிறது.

பின்னர் இடுப்பளவு நீரில் பயிற்சி. முகமூடிக்குள் நீர் புகுந்தால் தலையைச் சற்றே நிமிர்த்தி மூக்கினால் ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து காற்றுக்குழாய் நழுவினால் பதறாமல் எடுத்து மீண்டும் பொருத்திக்கொள்வது, கைச்சைகை காட்டுவது ஆகிய மூன்றும் அதில் அடங்கும். சைகையில் ஒன்றை நன்கு நினைவிற்கொள்ள வேண்டும். நிலத்தில் கட்டைவிரலை உயர்த்தினால் நன்று என்று பொருள். நீருக்குள் அதற்கு மேலே போகவேண்டும் என்று பொருள். நலமாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டவேண்டும். இதை மறந்து மகிழ்ச்சியோடு கட்டைவிரலை உயர்த்தினால், பயிற்றுநர் கையைப் பற்றிக் கரைக்கு அழைத்து வந்துவிடுவார்! முதன்முறையாக இறங்குவோரைப் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்வதில்லை. பயிற்றுநர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். இந்த ஏற்பாட்டில் நீந்தத் தெரியாதவர்களும் இறங்குகிறார்கள்.

இனி இறங்குவோம். இரண்டு மூன்று மீட்டர் போவதற்குள் காதில் ஒரு வலி தோன்றும். மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால், செவிக்குள் காற்று சென்று அழுத்தம் சமனாகும், வலி நீங்கும். இதை ஒவ்வொரு மீட்டருக்கும் செய்துகொண்டே இறங்கவேண்டும். வலிக்கத் தொடங்கிய பிறகு பலமாக ஊதுவதால் செவிப்பறைக்குத் தீங்கு நேரும். சற்று மேலேறி மீண்டும் முயலவேண்டும்.

இந்த வலிக்குக் காரணமானதுதான் முன்னே சொன்ன விந்தைக்கும் காரணம். நிலத்தில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் அதே அளவு அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. பத்து மீட்டரில் இரு மடங்கு, இருபதில் மும்மடங்கு, முப்பதில் நான்மடங்கு. அழுத்தம் கூடினால் காற்றின் பருமன் அதற்கேற்பச் சுருங்கும் என்பது 1662-ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் வகுத்த விதி. முத்துக் குளிப்பவர் நெஞ்சில் நிரப்பிக்கொண்ட காற்று பத்து மீட்டரில் பாதியாகச் சுருங்கும்; மேலே வரும்போது மீண்டும் பழைய பருமனுக்கு விரியும். கொண்டுபோனதுதான் திரும்பி வருகிறது. ஆகவே அவருக்குக் கேடில்லை.

ஸ்கூபாவில் மூழ்குபவரோ அந்த ஆழத்திலேயே, அங்குள்ள அழுத்தத்தில், புதிய காற்றை நெஞ்சு நிறைய இழுக்கிறார். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரு மடங்காக விரியப் பார்க்கும். நெஞ்சில் அதற்கு இடமேது? நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் கலந்து, மூளைக்குச் செல்லும் ஓட்டத்தை அடைத்துவிடும். இரண்டு மீட்டருக்குக் குறைவான ஏற்றமே இதற்குப் போதும். அதிலும் இந்த விரிவு ஆழத்தைவிடக் கரைக்கு அருகிலேயே மிகுதி. இருபதிலிருந்து பத்து மீட்டருக்கு ஏறினால் காற்று ஒன்றரை மடங்காகும். பத்திலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரு மடங்காகும். ஆழமற்ற நீர்தானே என்று அலட்சியம் செய்வதற்கு இடமில்லை. இடைவிடாமல், மெதுவாக, நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டே இருப்பவருக்கு இந்த அபாயம் இல்லை. பெரும்பாலான விபத்துகளுக்கு வித்து பதற்றம். பதறுகிறவன் முதலில் செய்வது மூச்சை அடக்குவது. விதியின் பொருள் இப்போது விளங்குகிறதன்றோ?

கண்ணும் காதும் அங்கே வேறு இலக்கணம் கற்கின்றன. முகமூடியின் கண்ணாடி வழியே பார்க்கும்போது, ஒளி நீரிலிருந்து காற்றுக்குள் புகுகையில் வளைவதால், பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும் சற்று அருகிலிருப்பனவாகவும் தோன்றும். கைக்கெட்டும் என்று நீட்டினால் மீன் அப்பால் இருக்கும். கண்ட மீனின் நீளத்தைக் கரைக்கு வந்து சொல்லும்போது, நேர்மையுள்ளவர்கள் கால் பங்கைக் கழித்துக்கொண்டு சொல்வார்கள். நிறங்களில் முதலில் மறைவது சிவப்பு. பத்து மீட்டர் ஆழத்தில் சிவந்த பொருள் பழுப்பாகக் காணும். விளக்கைப் பிடித்தால் அதன் சிவப்பு மீண்டும் ஒளிரும். ஒலி நீரில் காற்றைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான விரைவோடு செல்வதால், இரு செவிகளுக்கும் அது ஏறக்குறைய ஒரே கணத்தில் வந்து சேரும். எத்திசையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. படகின் இரைச்சல் எங்கும் நிறைந்ததுபோல் கேட்கும். கூஸ்தோ தம் நூலுக்கு மௌன உலகம் என்று பெயரிட்டார். ஆனால் உண்மையில் அங்கே மௌனம் இல்லை. எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் ஓயாத ஒரு படபடப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். பாறை இடுக்குகளில் வாழும் ஒருவகைச் சிறிய இறால் தன் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை அது.

இப்போது எதிரே தெரிவது பவளத் திட்டு. மானின் கொம்புபோல் கிளைத்தவை, மூளைபோல் மடிந்தவை, மேசைபோல் பரந்தவை எனப் பல வடிவங்கள். பார்ப்பதற்குக் கல், தொட்டால் கடினம். செடி என்றே நெடுங்காலம் மக்கள் எண்ணினார்கள். ஆனால் இவை விலங்குகள். ஒவ்வொரு கொம்பிலும் ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வாழ்கின்றன. ஒவ்வொன்றும் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தனக்கொரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. பழையவை மாய, அவற்றின் வீட்டின்மேல் புதியவை வீடு கட்டுகின்றன. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஓர் ஆள் உயரப் பவளக் குன்றைக் கண்டால், அது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கட்டடம் என்று கொள்ளலாம்.

இத்தனை சிறிய உயிர் இத்தனை பெரிய கட்டடத்துக்கு வேண்டிய வலிமையை எங்கே பெறுகிறது? தன் உடலுக்குள்ளே குடியிருக்கும் நுண்பாசியிடமிருந்து பெறுகிறது. பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் அதற்குப் பாதுகாப்பான இருப்பிடமும், தன் கழிவிலிருந்து உரமும் கொடுக்கிறது. பவளத்தின் பழுப்பு, பச்சை நிறங்களில் பெரும்பகுதி அந்தக் குடியிருப்பாளனுடையது. ஒளி வேண்டியிருப்பதனால்தான் இத்திட்டுகள் தெளிந்த, ஆழம் குறைந்த நீரில் மட்டுமே அமைகின்றன. கடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த இடத்தில், கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தம் வாழ்நாளின் ஏதேனும் ஒரு பருவத்தையேனும் கழிக்கின்றன.

அங்கு வாழும் குடிகள் சிலரைக் காண்போம். கடற்சாமந்தியின் அசையும் இதழ்களிடையே செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டையணிந்து நிற்பது கோமாளி மீன். அந்த இதழ்கள் நச்சுக்கொடுக்குகள். வேறு மீன் பட்டால் மடியும். கோமாளி மீனுக்கு மட்டும் உடலில் பூசியுள்ள கோழை கவசமாகிறது. ஒரு சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அடுத்தது அதன் துணைவன். பெண் மாண்டால், அத்துணைவனே பெண்ணாக மாறிக் குடும்பத் தலைமையை ஏற்கும்.

சற்றுத் தள்ளி ஒரு பாறையடியில் பெரிய களவா மீன் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நிற்கும். விரல் நீளமுள்ள நீலக்கோட்டு மீனொன்று அதன் வாய்க்குள்ளேயே புகுந்து புறப்படும். ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும் துப்புரவு மீன் இது. பெரிய மீன்கள் அதனை விழுங்குவதில்லை. தம் முறைக்குக் காத்து நிற்கின்றன. இந்த நம்பிக்கையையும் ஏய்த்துப் பிழைப்பவர் உண்டு. துப்புரவு மீனைப் போலவே நிறமும் நடையும் கொண்ட வேறொரு சிறு மீன், சுத்தம் செய்வதுபோல் நெருங்கி ஒரு கடி கடித்துக்கொண்டு ஓடிவிடும்.

கறுமுறுவென்று ஓசை கேட்டால் அங்கே கிளிமீன் மேய்கிறது என்று பொருள். கிளியின் அலகுபோன்ற பற்களால் பாறையைச் சுரண்டி, பாசியை உண்டு, சுண்ணாம்பை மணலாக்கி வெளியேற்றுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை உண்டாக்கும். வெண்மணல் கடற்கரையில் காலை நீட்டிக்கொண்டு இளைப்பாறும் பயணி, அந்த மணலில் ஒரு பகுதி மீனின் வயிற்றின் வழியே வந்தது என்பதை அறிவது அரிது. மேயும் இந்த மீன் இல்லையேல் பாசி மண்டிப் பவளத்தை மூடிவிடும்.

பாறை நிறத்தில் ஒரு கட்டி கண் சிமிட்டினால் அது பேய்க்கணவாய். நொடியில் நிறம் மாறி, மேனியின் மேடுபள்ளமும் மாறி, மறைந்துவிடும். கடல் விலாங்கு பொந்திலிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும். அது அச்சுறுத்தல் அன்று, மூச்சு விடுதல். ஆனால் விசிறிபோல் முட்களை விரித்து நிற்கும் சிங்கமீனும், கல்லாகவே தோன்றும் கல்மீனும் கொடிய நஞ்சுடையவை. அவை தாமாக வந்து தாக்குவதில்லை. கை வைப்பவனுக்கும் கால் வைப்பவனுக்குமே கேடு. கடலாமையைக் காண வாய்த்தால் அது பெரும் பேறு. நம்மைப்போலவே நுரையீரல் படைத்த அவ்வுயிர், அமைதியாக மேலே சென்று மூச்சு வாங்கி மீண்டும் இறங்குவதைக் காண்கையில், சுமை ஏதுமின்றி வந்து போகும் அதன் திறத்தை வியக்காமல் இருக்க முடியாது.

முக்கால் மணி நேரம் முடிந்தது. உருளையில் காற்று தீரும்வரை இருப்பது வழக்கமன்று; நான்கில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்போதே மேற்பரப்பை அடைந்திருக்க வேண்டும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேற்படலாகாது. ஆழமாகச் சென்றவர்கள் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் தங்கி வருவார்கள். ஏன் இந்தத் தாமதம்?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தத்தில் அது இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் மூச்சின் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், சோடாப் புட்டியைச் சட்டென்று திறந்தாற்போல் உடலுக்குள்ளேயே குமிழியிடும். மூட்டுகளில் தாங்கொணா வலி, சில வேளை கைகால் முடக்கம், மரணமும் நேரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றுப் பாலங்களுக்கு அடித்தளம் தோண்ட, அழுத்திய காற்று நிரம்பிய பெட்டிகளுக்குள் இறங்கிய தொழிலாளர்களை இந்நோய் வாட்டியது. நியூயார்க் நகரின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய பொறியாளர் ரோப்லிங்கும் இதனால் நடமாட முடியாதவரானார். ஹால்டேன் என்ற அறிஞர் ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர் எப்படி ஏறவேண்டும் என்பதற்கான அட்டவணையை 1908-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று மூழ்குவோர் கையில் கட்டிக்கொள்ளும் கணிப்பொறி அந்த வழியில் வளர்ந்ததே.

பிற மாநிலங்களில் பணிபுரியும் நம் அன்பர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். விடுமுறை சில நாள்களே; ஆகவே காலையில் கடலில் மூழ்கிவிட்டு மாலையில் விமானம் ஏறிவிடலாம் என்று திட்டமிடுவது இயல்பு. அது கூடாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் நிலத்தைவிடக் குறைவு. உடலில் எஞ்சியுள்ள நைட்ரஜன் அங்கே குமிழியிடக் கூடும். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏறவேண்டும். பயணத்தின் கடைசி நாளை நிலத்தில் உலாவுவதற்கு ஒதுக்கிவிடுவதே அறிவுடைமை.

இதுவரை சொன்னவற்றை எண்ணிப் பார்த்தால், கடலடியில் மனிதன் உயிரோடு இருப்பது அளவினால்தான் என்பது புலனாகும். அளவாக மூச்சு, அளவாக ஆழம், அளவாக வேகம். சிறிது தவறினாலும் கேடு. அவன் காணச் சென்ற பவளமும் அவ்வாறே ஓர் அளவுக்குள் வாழும் உயிர்தான். வழக்கமான கோடைக்கால உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரே ஒரு பாகை கூடி, அந்த நிலை சில வாரங்கள் நீடித்தால் போதும். பவளத்துக்கும் பாசிக்கும் இடையேயுள்ள உறவு முறிகிறது. வெப்பத்தால் நிலைகுலைந்த பாசி நஞ்சை உண்டாக்க, பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் எலும்புபோல் வெளுக்கிறது. வெளுத்தவுடன் அது இறந்துவிடுவதில்லை. சமைத்துப் போட்டவனை இழந்து பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் மடியும். மடிந்த கொம்புகளைப் பாசி மூடும். மீன்கள் வேறிடம் தேடும்.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமானின் பவளங்கள் இவ்வாறு வெளுத்தன. இடையே 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் அந்தமானின் வடபகுதிக் கரைகள் உயர்ந்து, அங்கிருந்த பவளத் திட்டுகள் நீருக்கு மேலே வந்து வெயிலில் காய்ந்து மடிந்தன. நிலநடுக்கம் இயற்கையின் செயல். கடல் சூடாவதோ பெரும்பாலும் நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் விளைத்தது. உலகெங்கும் பவளங்கள் வெளுக்கும் நான்காவது பெருநிகழ்ச்சி தொடங்கிவிட்டதாக 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆய்வாளர் அறிவித்தனர். ஒரு வெளுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே போதிய ஆண்டுகள் கிடைத்தால் திட்டு மீண்டும் தழைக்கும். அந்த இடைவெளி குறுகிக்கொண்டே வருவதுதான் கவலைக்குரியது.

பவளம் போனால் போகட்டும், பார்ப்பதற்கு அழகு குறைந்தது, அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் மன்னார் வளைகுடாவைப் பார்க்கலாம். அங்கே 21 தீவுகளைச் சூழ்ந்து பவளத் திட்டுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டுகள் அவற்றை வெட்டிப் படகு படகாகக் கொண்டுவந்தார்கள். அலையை முதலில் தாங்கி உடைக்கும் அரண் தகர்ந்தது. அத்தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டும் இன்று நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. பவளத்தை வெட்டியதே இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. தீவில் வாழ்பவருக்கும் கரையில் வாழ்பவருக்கும் பவளத் திட்டு அணிகலன் அன்று, வீட்டின் மதிற்சுவர்.

ஆதலால் மூழ்கச் செல்பவர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் சில உண்டு. பவளத்தின்மீது நிற்கலாகாது, பிடித்துக்கொள்ளவும் ஆகாது. ஒரு துடுப்புக்காலின் உதையில் உடையும் கொம்பு மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். ஆமையைத் தொடுவதும், மீனுக்கு இரை போடுவதும், பேத்தை மீனை ஊதவைத்து வேடிக்கை பார்ப்பதும் தகாதவை. உயிருள்ள பவளமாயினும், கரையில் ஒதுங்கிய துண்டாயினும் நினைவுப் பொருளாக எடுத்துவரக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் திட்டமைக்கும் பவளங்கள் புலிக்கும் யானைக்கும் உரிய உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றிருக்கின்றன. ஊருக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஒரு பவளத்துண்டு என்று பெட்டியில் வைத்தவர் விமான நிலையத்தில் சட்டத்துக்கு விடை சொல்ல வேண்டிவரும்.

ஸ்கூபா கட்டணம் எல்லார்க்கும் இயல்வதன்று. உடல்நிலை இடங்கொடாதவர்களும் உண்டு. அத்தகையோர் வருந்த வேண்டியதில்லை. 1983-ஆம் ஆண்டில் ஏற்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா ஸ்ரீ விஜயபுரத்துக்கு அருகில் வண்டூரில் இருக்கிறது. அங்கே கண்ணாடி அடித்தளமுள்ள படகில் உட்கார்ந்தபடியே பவளத் திட்டைக் காணலாம். வேட்டி நனையாமல் கண்டாலும் பவளம் பவளமே.

எம்முறையில் கண்டாலும், கண்டவர் தம் குழந்தைகளுக்கு அதைச் சொல்லவேண்டும். கல் என்று நாம் நினைப்பது உயிர் என்றும், அது ஒரு பாகை வெப்பத்துக்கு அப்பால் வாழ அறியாதது என்றும், அந்த ஒரு பாகை நம் கையில் இருக்கிறது என்றும் அவர்கள் அறிந்து வளரட்டும்.